கிள்ளானிலிருந்து வந்த இணைப்பு

அணைத்துக் கிடக்கிற கணினி யாரையும் மறுக்காது. அது பதிலே சொல்லாது. தூரத்திலிருந்து நாம் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம், கடைசியில் நம் கணினியே அலுத்துப்போய், நேரம் கடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மறுப்பு வேறு. அந்தப் பக்கம் விழித்திருக்கிற ஓர் இயந்திரம், நீ கூப்பிட்டது கேட்டது, ஆனால் உள்ளே விடுவதாக இல்லை என்று சொல்வதுதான் மறுப்பு. கம்பெனிகளின் லினக்ஸ் சர்வர்களை வீட்டில் உட்கார்ந்தபடியே பழுதுபார்த்துச் சம்பாதிக்கிற மலர்விழிக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான், இறந்துபோன அண்ணனின் கணினியை அவள் சும்மா ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தபோது, கண் மூடித் திறப்பதற்குள் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்து விழுந்ததும், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கிள்ளான் வீட்டில் அந்தக் கணினி அணைந்து கிடந்தது. அண்ணன் லோகன் போன அன்றே அதன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டதாக அண்ணி வாணி சொல்லியிருந்தாள்.

ரவுட்டர் சொல்லியிருக்கும் என்று மலர்விழி தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். வீட்டுக்கு இணையம் கொண்டுவருகிற அந்தச் சின்னப் பெட்டி சில சமயம் கணினிக்குப் பதிலாகத் தானே முந்திக்கொண்டு பதில் சொல்வது உண்டு. தொழில் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வசதி. எதைக் கண்டு பயந்தாலும் கையோடு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

விளக்கு வைக்கிற நேரம். மலர்விழி குடியிருக்கிற பிரிக்பீல்ட்ஸில் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ஜாலான் துன் சம்பந்தன் தெருப் பூக்கடைகளில் நனைந்த மல்லிகையின் வாசம், கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் கொதிக்கிற மீன் கறி, சூடு ஆறாத ஈரத் தாரின் நெடி எல்லாம் ஒன்றாகக் கலந்து அடுக்குமாடி ஜன்னல்வரை ஏறி வந்தன. செந்திரல் நிலையத்தை நோக்கிப் போகிற கொமுட்டர் ரயில் ஒவ்வொன்றும் கண்ணாடியை லேசாக அதிரவைத்துவிட்டுப் போனது. வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். கணவன் பரமேஸ்வரன் கிள்ளானுக்குப் போயிருந்தான், அவளுக்கும் சேர்த்து. இன்று லோகனுக்கு எட்டாம் நாள் படையல்.

அவள் போக முடியாது. வயிற்றில் ஏழு மாதம். இரண்டு தடவை தங்காமல் போய், இனிமேல் இல்லை என்று அவளே மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்து தங்கிய கரு. பிள்ளைத்தாச்சி சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மா தங்கமணி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மழையில் லோரியின் பின்சக்கரத்தில் சிக்கிப் போன மகனைப் பறிகொடுத்த நிலையிலும் அந்த விஷயத்தில் மட்டும் அவர் அசையவில்லை. அண்ணன் முகத்தை மலர்விழி பார்க்கவில்லை, சவப்பெட்டியைத் தூக்குவதையும் பார்க்கவில்லை. அந்த வீட்டுச் சாமான் ஒன்றும் கருமக்கிரியை முடிகிறவரை அவள் வீட்டுக்கு வரக் கூடாது, ஒரு துண்டு, ஒரு டம்ளர், ஒரு போட்டோகூடக் கூடாது என்பது அடுத்த கட்டளை. பரமேஸ்வரன் கிள்ளானுக்குப் போய் வருகிற நாளெல்லாம் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் வருவான்.

துக்கம் விசாரிக்கப் போன் செய்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரிதான் முடித்தார்கள். கவலைப்படாதே, உன் வயிற்றிலேயே வந்து பிறந்துவிடுவான் என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் மலர்விழிக்கு அது ஆறுதலாகவே இல்லை. அங்கேதான் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவளுக்கு வேண்டியது அந்தக் கணினியில் இருந்தது. பிள்ளை தங்கிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து லோகன் அதன் முன்னால் உட்கார்ந்து, இன்னும் பிறக்காத மருமகப்பிள்ளையோடு பேசிப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தான். தாய்மாமன் சீர் என்று மற்றவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள், நான் என் தொண்டையைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிச் சிரிப்பான். வளைகாப்பன்று தருவதாகப் பேச்சு. அது கம்பெனி கணினி. ஷா ஆலாமில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து நாளைக் காலையில் ஆள் வந்து எடுத்துப்போவதாகத் தகவல் வந்துவிட்டது. எடுத்துப்போனால் அழித்துவிட்டு வேறு யாருக்காவது கொடுப்பார்கள்.

பென்டிரைவில் போட்டுக் கொண்டுவரலாம். ஆனால் பென்டிரைவ் ஒரு சாமான். அம்மாவின் கட்டளைக்குள் அது வந்துவிடும். இணையத்தில் இழுத்துக்கொண்டால்? அது சாமானா? கையில் பிடிக்க முடியாது, வாசலைத் தாண்டி வராது, அதன் மேல் தீட்டு எங்கே ஒட்டும்? வீட்டில் முடக்கப்பட்ட இந்த நாட்களில் மலர்விழி இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே பல விதமாகக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் தனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

வாணியைக் கூப்பிட்டாள். வாணி லோகனின் அறைக்குள் போய், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

“அண்ணி, பிளக்கப் போட்டு ஆன் பண்ணுங்க.”

“ஆன்லதான் இருக்கு மலர்,” என்றாள் வாணி. “அத்த கூட்டறப்ப போட்டிருப்பாங்க போல.”

அப்படித்தான் இருக்கும் என்று மலர்விழியும் சொன்னாள்.

வாணி பாலர் பள்ளி ஆசிரியை. கணினி தெரியாது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி, ஒவ்வோர் எழுத்தையும் வகுப்பில் சொல்லித்தருகிற மாதிரி உரக்கப் படித்துத் தட்டினாள். லோகனின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும், அது அவளுடைய பெயர்தான். வெளியிலிருந்து ஒருவர் நுழைவதற்கான சேவை அந்தக் கணினியில் இல்லவே இல்லை. அதை இறக்கினார்கள். ஓடவைத்தால் ஓடவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரி பிழையாக இருந்தது, அதைத் திருத்தினார்கள். பிறகு ஓடியது. பச்சை எழுத்தில் ஓடுகிறது என்று வந்துவிட்டதாக வாணி படித்துச் சொன்னாள், இரண்டு பெண்களும் அந்த வீட்டுத் துக்கத்தை மறந்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டார்கள்.

மலர்விழி பிரிக்பீல்ட்ஸிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். பதிலே இல்லை. மறுப்புகூட இல்லை. இன்னொரு தடவை. இல்லை. சேவையே இல்லாதபோது உடனே மறுத்த வீடு, சேவை ஓடத் தொடங்கிய பிறகு வாயைத் திறக்கவில்லை. இதற்கும் காரணம் உண்டு. சில இணைப்புகளில், வெளியே போகிறதை விடுவார்கள், வெளியிலிருந்து உள்ளே வருகிறதை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிள்ளான் வீட்டு இணைப்பு அந்த வகை.

அதற்கும் ஒரு வழி அவளுக்குத் தெரியும், வேலையில் அடிக்கடி செய்வதுதான். இங்கிருந்து அங்கே போக முடியாவிட்டால், அங்கே இருப்பதை இங்கே வரச் சொல்ல வேண்டும். அண்ணன் கணினியே இவள் மடிக்கணினியைத் தேடி வந்து இணைந்துகொள்ளும். வந்த பிறகு, அது வந்த தடத்தைப் பிடித்து இவள் திரும்பி உள்ளே போகலாம். அவள் வீட்டு இணைப்பில், வேலைக்காக, உள்ளே வருகிற வழி எப்போதும் திறந்தேதான் இருக்கும். மடிக்கணினியில் அதே சேவையை ஓடவிட்டாள். வருகிறவருக்கு இங்கே ஒரு கணக்கு வேண்டும். எந்தக் கணினி வருகிறதோ அதற்கு உரியவரின் பெயரையே வைப்பது அவள் பழக்கம். 'லோகன்' என்று அடித்தாள். கணக்கு உண்டானது.

கட்டளையைச் சொன்னாள், வாணி தட்டினாள். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி தட்டினாள். மறுபடி தவறு. மலர்விழி கொடுத்திருந்த கடவுச்சொல் நீளம், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்தது, அண்ணியைக் குறை சொல்லிப் பயனில்லை. இருங்கள், சுலபமாக ஒன்று வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றினாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அவளும் பரமேஸ்வரனும் மட்டும் ரகசியமாக யோசித்து வைத்திருந்த பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தாள். அதை வாணியிடம் சொல்வதற்கு முன், அறைக்குள் அம்மாவின் குரல் கேட்டது.

இந்த அறையில்தான் இலை போட வேண்டும், எழுந்திரு என்று தங்கமணி வாணியைக் கூப்பிட்டார். யாரோடு பேசுகிறாய் என்று கேட்கவில்லை, அந்த நிலையில் அவர் இல்லை. நாற்காலி நகர்ந்தது. பலர் உள்ளே வந்தார்கள். போன் ஸ்பீக்கரிலேயே, மேசைமேலேயே இருந்தது. அழுகையும் அவசரமுமாக வாணி அதை மறந்துவிட்டாள்.

மலர்விழி அழைப்பை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. போக முடியாத படையலைக் காதால் பார்த்தாள். இலையைத் துடைக்கிற சத்தம். பாத்திரங்கள். ஆட்டிறைச்சி வறுவலை இந்தப் பக்கம் வை, நண்டு அங்கே என்று யாரோ சொன்னார்கள். லோகன் தினமும் காலையில் வாங்குகிற நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற காகிதச் சரசரப்பு. பீர் போத்தல் மூடி. அவன் புகைக்கிற கிராம்பு சிகரெட்டில் ஒன்றைப் பற்றவைத்து இலையோரம் வைக்கச் சொன்னது பெரிய மாமா இராமலிங்கம். பிறகு அம்மா, தொண்டை கிழிகிற மாதிரி, வாய்யா லோகா, வந்து சாப்பிட்டுப் போய்யா என்று கூப்பிட்டார். மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

விளக்கை அணைத்தார்கள், அகலை மட்டும் விட்டார்கள். எல்லோரும் வெளியே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. இனி மாமா கதவைத் தட்டித் திறக்கிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் கூடாது. வந்தவன் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

போனில் இப்போது அறை மட்டும் இருந்தது. கூரைமேல் மழை. சுவர்க் கடிகாரம். கணினியின் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது, அதற்கு அடியில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில், இலை நுனி காற்றில் அசைவது போன்ற ஒரு சத்தம். சாத்திய அறையில் காற்று ஏது என்று தோன்றியது. மின்விசிறியாக இருக்கும் என்று அடுத்த நொடியே தோன்றியது. காதைப் போனோடு அழுத்தி வைத்திருந்ததில் காது மடல் சூடாகிவிட்டது.

ஒரு விசை தட்டப்பட்டது.

பிறகு ஒன்று. கொஞ்சம் நிதானித்து இன்னொன்று. எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டுகிற, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அவசரமில்லாமல் தட்டுகிற சத்தம். மலர்விழியின் திரையில், யார் கூப்பிட்டாலும் குறித்துவைக்கிற பதிவில், புதிதாக ஒரு வரி ஏறியது. கிள்ளான் வீட்டு முகவரியிலிருந்து லோகன். கடவுச்சொல் ஏற்கப்பட்டது.

“அண்ணி?” என்றாள். “அண்ணி, நீங்களா?”

தட்டுவது நின்றது. விசிறி மட்டும் இரைந்தது.

அண்ணிதான். நாளைக்குக் கணினியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று, அம்மாவுக்குத் தெரியாமல் உள்ளே நழுவியிருப்பாள். பேசினால் வெளியே கேட்டுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு, நினைப்பின் அடியில் வேறு ஏதோ ஒன்று அசைவதைப் பார்க்காமல், மலர்விழி வந்த தடத்தைப் பிடித்து உள்ளே போனாள். அண்ணன் கணினி அவளுக்குத் திறந்தது. 'மருமகப்பிள்ளைக்கு' என்ற அடைவு அங்கேயே இருந்தது. உள்ளே வரிசையாக ஒலிக்கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்த தேதியே பெயர். முழுதையும் இங்கே நகலெடுக்கச் சொல்லிவிட்டு, முதலில் வந்து சேர்ந்ததை ஓடவிட்டாள். மடிக்கணினியை மடியோரம் இழுத்து, அதன் ஸ்பீக்கர் வயிற்றைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டாள்.

“வணக்கம் மருமவப்புள்ள. நான்தான் உங்க மாமா,” என்றான் லோகன்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற தின்பண்டங்களைப் பற்றிப் பேசினான். சிலாங்கூர் அணி பந்தாட்டத்தில் தோற்ற கதையைப் புலம்பினான். உன் அப்பன் கார் ஓட்டுவதை நம்பி வெளியே வந்துவிடாதே, ஆமை முந்திவிடும், மாமா வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றான். ஒரு கோப்பு முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கியது. பிள்ளை உள்ளே இடமும் வலமும் உருண்டது. குரல் கேட்டு ஆடுகிறது என்று மலர்விழி நினைத்தாள். இத்தனை நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்து, கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அந்த நன்றியில்தான் கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். யாருக்கும் சொல்லாதீர்கள், அண்ணி அறைக்குள் போய் எனக்காக ஓர் உதவி செய்துவிட்டார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள்.

பரமேஸ்வரன் உடனே பதில் போட்டான். “உள்ள யாரும் போகல. கதவு சாத்தியாச்சு. அண்ணி என் பக்கத்துலதான் நிக்கிறாங்க. நீ அங்க என்ன பண்ற மலர்?”

ஒரு ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

கடவுச்சொல். புதிய கடவுச்சொல்லை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

கை மட்டும், பழகிய கை, தன் பாட்டுக்குக் கிள்ளான் கணினியிடம் ஒரு கேள்வியைத் தட்டியது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று. இரண்டு வரி வந்தது. ஒன்று, தூரத்திலிருந்து போயிருக்கிற அவள். இன்னொன்று, நேரே விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிற லோகன். கடைசியாக எப்போது விசையைத் தொட்டார் என்பதையும் அது காட்டும். இப்போது என்று காட்டியது. மறுபடி கேட்டாள். இப்போது என்று காட்டியது.

கிராம்பு வாசம் வந்தது.

கீழ் வீட்டில் யாரோ புகைக்கிறார்கள். கீழ் வீட்டில் இருப்பவர்கள் புகைப்பதில்லை. சாம்பிராணி. அது கோயிலில் இருந்து வரும். வறுத்த இறைச்சி, நண்டு. அது மாமாக் கடை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று கிடைக்கவில்லை. அவள் நகலெடுப்பதை நிறுத்தினாள். நின்றது. கோப்புகள் வருவது நிற்கவில்லை. அடைவில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தன. அவள் இழுக்கவில்லை. அங்கிருந்து தள்ளப்படுகின்றன.

இணைப்பைத் துண்டித்தாள். எழுந்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். அதன் விளக்குகள் அணைந்தன. சேவையை நிறுத்தினாள். லோகன் என்ற கணக்கை அழிக்கச் சொன்னாள். முடியாது என்றது. அந்தக் கணக்கில் இப்போது ஆள் இருக்கிறார் என்றது.

தன் மடிக்கணினியிடமே கேட்டாள், யார் யார் உள்ளே என்று.

மலர்விழி. லோகன்.

லோகன் பெயருக்கு நேரே, எங்கிருந்து என்று குறிக்கிற இடத்தில், கிள்ளான் வீட்டு முகவரி இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. தூரத்திலிருந்து வந்தவர்களுக்குத்தான் அங்கே முகவரி போடும். இங்கேயே இருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை.

போனில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திடுக்கிட்டுத் தன் வாசலைப் பார்த்தாள். இல்லை, கிள்ளானில். மாமா மூன்று தடவை தட்டி, லோகா, சாப்பிட்டாச்சாப்பா என்று கேட்டு, கதவைத் திறந்தார். காலடிகள் உள்ளே வந்தன. விளக்கு போட்டார்கள். இலையில் எதையும் அவர் தொடவில்லை என்று வாணி சொல்வது கேட்டது. சிகரெட்கூட அப்படியே அணைந்திருக்கிறது, பாதியிலேயே அணைந்திருக்கிறது என்றாள்.

“எம்புள்ள வரலியே,” என்றார் தங்கமணி. கத்தவில்லை. “கூப்பிட்டேனே. இங்க வராம எங்க போனான்?”

மலர்விழி பேச வாயெடுத்தாள். அம்மா என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா, தெரியவில்லை. வாணியின் போன் அணைந்துவிட்டது.

தெரு சத்தம் இல்லை. ரயில் இல்லை. மழைகூட. இரண்டு கையாலும் வயிற்றைச் சுற்றி அணைத்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து, தரையில் உட்கார்ந்தாள். பிள்ளை அசையவில்லை. காத்திருந்தாள். அசையவில்லை. சாமி, சாமி என்று உதடு மட்டும் முனகியது. இது மூன்றாவது. இதையும் விட முடியாது. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இதை விட்டுவிடு.

நாற்காலிமேல் கிடந்த மடிக்கணினியில், இத்தனை நேரமும் யாரும் நிறுத்தாமல் விட்டிருந்த ஒலி, ஒரு கோப்பை முடித்து அடுத்ததற்குத் தாவியது. கடைசிக் கோப்பு. திரையில் அதன் பெயரைப் பார்த்தாள். இன்றைய தேதி.

முதலில் கூரைமேல் மழை. சுவர்க் கடிகாரம். அம்மாவின் குரல், தூரத்தில், வாய்யா லோகா. கதவு சாத்துகிற சத்தம். பிறகு மூச்சு. வெகுதூரம் நடந்து வந்தவன் வாங்குகிற மாதிரி மூச்சு. அது நெருங்கி, ஸ்பீக்கரில் இல்லாமல், அறையில் இல்லாமல், அவள் மடிக்குள்ளிருந்தே வருகிற அளவுக்கு நெருங்கியபோது, லோகன் பேசினான். அதே பிரியமான குரல். அவளிடம் அல்ல.

“கொஞ்சம் தள்ளிக்க செல்லம். மாமா உட்காரணும்லா.”

பிள்ளை அசைந்தது.

உதை இல்லை. உருளல் இல்லை. மேலே ஏறியது. குட்டிக் கை, குட்டிக் கால், எல்லாவற்றாலும் பற்றிப் பற்றி, விலா எலும்புகளை நோக்கி மேலே. அவளால் மூச்சுவிட முடியவில்லை. நைட்டியைத் தூக்கிப் பார்த்தாள். நெஞ்சுக்குக் கீழே, வலப்பக்க ஓரமாக, பிள்ளையின் முதுகு தோலைப் புடைத்துக்கொண்டு ஒடுங்கி நின்றது. நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் போக அதற்கு இடமில்லை.

கீழே, பிள்ளை விட்டுப்போன இடத்தில், வயிறு தளர்ந்து காலியாகக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கியது.